பின்னர் தீர்மானிக்கப்படும்

சனிக்கிழமை வகுப்புக்கு
கொழுந்து நிறுக்கும் மடுவம்தான் எனக்கு.
லயத்தில் சிக்னல் ஒரு கோடு.
இங்கே, தராசுக் கொக்கிக்கு நேர் கீழே
மூன்று கோடு வரும்.
மழை விட்டிருந்தால் நான்கு.
பொகவந்தலாவைக்கு மேலே நிற்கும் கோபுரம்
இந்தத் தகரக் கூரையை மட்டும்
பார்த்துக்கொண்டிருக்கிறது போல.

சர்வதேச உறவுகள், முதுமாணி, முதலாம் வருடம்.
தோட்டப் பள்ளிக்கூடச் சம்பளத்தில்
ஒரு தவணை கட்டியாயிற்று.
மற்றது இருக்கிறது.

இன்றைக்குப் பாவனைப் பேச்சுவார்த்தை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு, ஒக்டோபர்.
பெயர்களைக் குலுக்கிப் போட்டார் விரிவுரையாளர்.
கொள்ளுப்பிட்டியிலிருந்து திசர: கொழும்புத் தரப்பு.
நான்: டில்லி.
"சுவாரசியமாக இருக்கும்" என்றார்.
யாருக்கு என்று சொல்லவில்லை.

பேச வேண்டிய பொருள்
ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேர்.
கையேட்டில் அவர்களுக்கு
'எண்ணிக்கை' என்று பெயர்.

இரண்டு லட்சத்தில் தொடங்கினேன்.
அதற்கு மேல் ஒரு தலைகூட
எங்களால் ஏற்க இயலாது என்றேன்.
எங்களால்.
வாய் கூசும் என்று நினைத்திருந்தேன்,
கூசவில்லை.
ஆங்கிலத்தில் சொல்லும்போது
எல்லாச் சொல்லும் இஸ்திரி போட்டு வருகிறது.
ரீபேட்ரியேஷன்: ஐந்து அசை.
தலைமன்னார்த் துறையில் காத்து நின்ற டிரங்குப் பெட்டிகள்
அந்த ஐந்தில் எதிலும் இல்லை.

திசர நல்ல பிள்ளை. தடுமாறினான்.
"அவர்கள் உங்கள் மக்கள் அல்லவா?"
"உங்கள் தேயிலை" என்றேன்.
திரையில் இரண்டு மூன்று பேர்
கைதட்டும் படம் போட்டார்கள்.

பத்தரைக்கு நிறுவை.
செவனம்மா அக்காவின் சாக்கு பதினொன்றரை காட்டியது.
கணக்கப்பிள்ளை ஒன்பதரை எழுதினார்.
"ஈரத்துக்கு ரெண்டு கிலோ."
"வெயில் அடிக்குதுங்களே, எந்த ஈரம்?"
"நேத்து ஈரம்."

மைக்கை அணைக்க மறந்துவிட்டேன்.
நேத்து ஈரம்
கொள்ளுப்பிட்டி வரை போயிருக்கும்.
பின்னணிச் சத்தம், தயவுசெய்து, என்று
யாரோ எழுதினார்கள்.

பகல் உணவுக்குப் பத்து நிமிடம் இருக்க
திசர மூன்றரை லட்சத்துக்கு வந்தான்.
நான் நான்கு லட்சத்துப் பத்தாயிரத்தில் நின்றேன்,
அன்றைக்கு நிஜ டில்லி ஏற்றதைவிட
ஒரு லட்சத்துப் பதினையாயிரம் குறைவாக.
நிஜத்தில் மிஞ்சியவர்கள் ஒன்றரை லட்சம்.
எங்கள் கையில் இரண்டு லட்சத்துப் பதினையாயிரம்.
எல்லாருக்கும் பசி.
'பின்னர் தீர்மானிக்கப்படும்.'
தட்டச்சு செய்தது நான்.

அப்பாவுக்கு அப்போது ஏழு வயது.
எந்தப் பட்டியலில் இருந்தீர்கள் என்று கேட்டால்
"மிச்சத்துல" என்பார்,
ராத்திரிச் சோற்றைப் பற்றிச் சொல்வது போல.
அவரிடம் இன்றைய வகுப்பைப் பற்றி
என்ன சொல்வது என்று தெரியவில்லை.

எண்பத்திரண்டு புள்ளி.
'உணர்ச்சி கலவாத, உறுதியான வாதம்.'
இரண்டு தடவை வாசித்தேன்.
சந்தோஷமாகத்தான் இருந்தது,
அதுதான் சிக்கல்.

சாக்கை உதறி மடித்துக்கொண்டே
செவனம்மா அக்கா கேட்டாள்:
"யாரோட சண்ட டீச்சர்?"
"சண்ட இல்லக்கா, பரீட்ச மாதிரி."
"நல்லாத்தான் பேசுனீங்க, ஒண்ணும் வெளங்கல.
அந்த ரெண்டு கிலோவ
கொஞ்சம் கேட்டுத் தாங்களேன்."

போனேன்.
கொழும்பை ஐம்பதாயிரம் ஏற வைத்த வாய்.
ஈரத்தை அளக்க ஏதாவது முறை உண்டா என்றேன்,
விதி எங்கே எழுதியிருக்கிறது என்றேன்,
ஒரு கிலோவுக்காவது உடன்படலாமே என்றேன்.
தமிழில்தான் பேசினேன். வியர்த்தது.
அவர் காதில் இருந்த பென்சிலை எடுத்து
பேரேட்டின் ஓரத்தில் ஏதோ கிறுக்கினார்.
"அடுத்த கிழம பாப்போம் டீச்சர்."

தகரத்தில் தூறல் விழத் தொடங்கிவிட்டது.
நாளை நள்ளிரவுக்குள் கட்டுரை போக வேண்டும்.
கோடு மூன்று, இரண்டு,
பிறகு வெறும் முக்கோணம்.
அறுபத்தொரு வீதத்தில் நிற்கிறது
பதிவேற்றம்.
போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு
கொக்கிக்குக் கீழே நிற்கிறேன்.